கரையில் இறங்கி என்ன செய்வது?

“இந்த வயசில கம்பியில தொங்கிறதோ? உனக்கென்ன விசரே?”

குணசேகரம் போட்ட சத்தத்தில் மேசையிலிருந்த தேநீர்க் கோப்பை ஆடியது. மகாதேவி மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, தலைக்கவசமும் சிரிப்புமாக, சென் லூசியாத் தீவின் காட்டுக்கு மேலே கம்பியில் தொங்கிப் பறந்துகொண்டிருந்தாள்.

“அந்த மனிசிக்கு எழுபது இருக்கும். எப்பிடிச் சிரிக்கிறா பாருங்கோ.”

“அது சிரிப்பில்லை. பயத்தில வாய் மூடேலாமல் கிடக்கு.”

மகாதேவியின் அறுபதாவது பிறந்தநாளுக்கு மகன் அபிஷன் வாங்கிக் கொடுத்த கரீபியன் கப்பல் பயணம் அது. “ரெண்டு பேருக்கு, அம்மா” என்று அவன் சொன்னது குணசேகரத்தின் காதிலும் விழுந்தது. ஜேர்மனியில், அந்தக் கெல்சென்கிர்ச்சன் நகர வீட்டின் இரண்டாம் மாடியில் குடியிருப்பதும் இரண்டு பேர். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

கப்பல் நிற்கும் ஒவ்வொரு தீவிலும் இறங்கி என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பதிய வேண்டுமாம். ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்து, அதை அவள் தன்பாட்டில் தெரிவுசெய்துகொண்டிருந்தாள். குணசேகரத்துக்கு வயிறு எரிந்தது அதற்குத்தான். பாண் தொழிற்சாலையில் முப்பது வருடம் மாவோடு மல்லுக்கட்டிவிட்டு, இப்போதுதான் பென்ஷன் எடுத்திருந்தார். இனியாவது இந்த வீட்டில் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுச் செய்வார்கள் என்று நம்பியிருந்தார்.

உண்மையைச் சொன்னால், அந்த முப்பது வருடமும் அவள் எங்கே கூப்பிட்டாலும் “எனக்கு ஏலாது” என்பதுதான் அவருடைய மறுமொழி. பக்கத்து ஹம் நகர அம்மன் கோயில் தேரையும் கலியாண மண்டபங்களையும் தாண்டி அவர் ஊர் பார்த்ததில்லை. ஆனால் ஏலாது என்று சொல்வதற்காவது ஒரு மனிதனைக் கேட்க வேண்டாமா?

“டொமினிக்காவில நீர்வீழ்ச்சிக்கு மூண்டு மணித்தியால நடை,” என்றாள் மகாதேவி.

“தேருக்கு நடக்கச் சொன்னால் முழங்கால் நோகுது. நீர்வீழ்ச்சிக்கு நோகாதோ?”

“நொந்தால் தண்ணிக்குள்ள வைக்கலாம். பிறகு எரிமலைச் சேத்துக் குளிப்பு ஒண்டு இருக்கு.”

“அது எருமையள் செய்யிற வேலை.”

“தோலுக்கு நல்லதாம். கிறிஸ்ரினா சொன்னவ.”

கிறிஸ்ரினா, மகாதேவியோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். இந்த வீட்டில் நடக்கும் எல்லாக் கூத்துக்கும் வேர் அவள்தான் என்பது குணசேகரத்தின் தீர்ப்பு. மகாதேவி தலைமயிரைக் கட்டையாக வெட்டியபோதும் அவள்தான், சைக்கிள் வாங்கியபோதும் அவள்தான்.

“கிறிஸ்ரினாவைக் கேக்கலாம். என்னைக் கேக்கேலாது!”

“கத்தாதேங்கோப்பா. ஞாயிற்றுக்கிழமை. கீழ்வீட்டு மனிசி தட்டப்போறா.”

“தட்டட்டும்! அவவெண்டாலும் என்னட்டக் கேக்கிறா, ஏன் கத்திறாய் எண்டு!”

கீழேயிருந்து தும்புத்தடிக் காம்பு தரையை இரண்டு முறை தட்டியது.

மார்ட்டினிக் தீவில் ரம் வடிசாலையைச் சுற்றிப் பார்க்கலாம் என்று வந்தது. அதற்கு மட்டும் குணசேகரத்திடம் ஆட்சேபம் இல்லை. மகாதேவி நிமிராமலே அதைத் தள்ளிவிட்டு, கடலாமைகளோடு நீந்துவதைப் பதிந்தாள்.

பிறகு மறுபடியும் அந்தக் கம்பிக்கு வந்தாள். தொங்கப்போகிறவர்களின் உடல் நிறையைக் கேட்டது கணினி. தனக்கு ஐம்பத்தெட்டு கிலோ என்று அடித்தாள். இரண்டாவது ஆளுக்கு அறுபத்தொன்று.

காலையில் தராசு குணசேகரத்துக்குத் தொண்ணூற்றிரண்டு காட்டியிருந்தது. மனைவியின் கண்ணுக்கு இன்னும் கலியாணத்தன்று இருந்த உடம்புதான் தெரிகிறது போலும். கோபத்துக்கு நடுவிலும் வயிற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவள் கேட்காமல் கொள்ளாமல் அந்தப் பதிவையும் உறுதிசெய்தாள். இழுத்துப் பிடித்த வயிறும் கோபமும் ஒன்றாக வெளியே வந்தன.

“முப்பத்துநாலு வருசம்! நீ சமைச்சு வைச்சதைத் திண்டன். எடுத்து வைச்ச சேட்டைப் போட்டன். இதிலயாவது என்னை ஒரு வார்த்தை கேட்டனியே? நான் இந்த வீட்டில ஆர்? கதிரையோ, அலுமாரியோ?”

மகாதேவிக்கும் பொறுமை போய்விட்டது. “கேட்டுக் கேட்டுத்தானேயப்பா களைச்சுப்போனன்! நீங்கள் சொல்லுற மறுமொழி எனக்கு மனப்பாடம்!”

குணசேகரம் கதிரையைக் கறகறவென்று தள்ளிவிட்டு அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினார். தும்புத்தடி மறுபடி தட்டியது.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வெளியே வந்தவரின் கையில் விலைச்சீட்டுக்கூடக் கழற்றாத ஒரு நீச்சல் காற்சட்டை. சிவப்புத் துணி. அதில் முழுக்கப் பச்சைக் கிளிகள்.

அதை மடிக்கணினிக்கு மேலே போட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு, கோபம் குறையாத குரலிலேயே சொன்னார்.

“போன கிழமை வாங்கினனான். தொங்கிறதெண்டால் தொங்குவம். சேத்தில புரளுறதெண்டால் புரளுவம். பெட்டியில இடமிருந்தால் இதையும் வை.”

மகாதேவி கிளிகளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவள் கை மெல்ல வாய்க்குப் போனது.

“ஐயோ அப்பா, நீங்களும் வாறதெண்டால் கிறிஸ்ரினாவுக்கு நான் இப்ப என்ன சொல்லுறது?”