தெய்வானைக்கு மசித்த கிழங்கு

பத்தொன்பது நாளாகத் தெய்வானை ஒரு சொல்லும் பேசவில்லை. தொண்டைக்குக் கொடுத்த கதிர்வீச்சில் குரல் அடங்கிவிட்டது. வாய்வழியாகச் சாப்பாடு இறங்காவிட்டால் மூக்கில் குழாய் போட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அண்ணி குமுதவல்லிதான் சமைத்தாள். முதல் நாள் மிக்சியில் அரைத்த உருளைக்கிழங்கு பசைபோல் இழுத்தது. அதைக் கொட்டிவிட்டு, வெந்த கிழங்கை ஆவி பறக்கச் சல்லடையில் வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தாள். சூடான பாலும் வெண்ணெயும் சேர்த்துக் கிளறியதும் அது கட்டியில்லாமல் குழைந்தது.

நோய் வருமுன் அண்ணியின் சமையலில் உப்பைக் குறை சொல்லாமல் தெய்வானை ஒருநாளும் கை கழுவியதில்லை. அதனால், “உப்பு சரியா இருக்கா?” என்று குமுதவல்லி தினமும் கேட்டாள். தெய்வானை கட்டைவிரலை உயர்த்திவிட்டுக் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

இன்று காலிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணி” என்றாள் தெய்வானை. குரல் கரகரத்தது.

குமுதவல்லி கரண்டியோடு ஓடிவந்தாள். “வாய் தொறந்தாச்சா! சொல்லு தாயே, உப்பு கூடவா, கம்மியா?”

“தெரியல அண்ணி. மொத நாள்லேருந்தே எனக்கு எந்த ருசியும் தெரியல. நீங்க அங்க நின்னு தேய்க்கிற சத்தம் இங்க கேக்கும். அதுக்காகத்தான் சாப்பிட்டேன்.”