தேர்வுக் கட்டில்

இக்கதையைச் சொன்னவர் ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர் ஒருவர். கேட்டது பதினோரு ஆண்டுகளுக்கு முன், ஒரு மருத்துவமனைச் சிற்றுண்டிச் சாலையில்.

செவிலியர் கல்லூரி முதல்வரம்மா செய்முறைத் தேர்வுக்குப் பொம்மையை அனுமதித்ததே இல்லை. “பொம்மையைத் தொட்டே பழகினா, மனுஷனையும் பொம்மையாத்தான் தொடுவீங்க” என்பார். முப்பது ஆண்டுகளாக நோயாளிக் கட்டிலில் தாமே படுத்துவந்தார்.

அவ்வாண்டு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கறாரான பெண்மணி. வந்ததும் முதல்வரின் கையைப் பற்றிக் குலுக்கினார்; கடிகாரத்தை மேசைமேல் வைத்தார். காய்ச்சல் பார்த்து, நாடி பார்த்து, முழங்கைக்குக் கட்டுப் போட வேண்டும். பத்தே நிமிடம்.

பதினொரு பெண்கள் மளமளவென்று முடித்துவிட்டுப் போனார்கள். தேர்வாளருக்குத் திருப்திதான்.

பன்னிரண்டாமவளுக்கு வகுப்பில் ‘ஆமை’ என்று பெயர். நோயாளியிடம் கதை பேசியே நேரத்தைக் கோட்டைவிடுபவள். இருமுறை தோற்றவள், இம்முறையும் தோற்றால் கல்லூரியை விட்டே போக வேண்டும்.

ஆமை வெப்பமானியைப் பார்த்தாள். மறுபடியும் வைத்துப் பார்த்தாள். பிறகு கட்டுத்துணியை ஓரமாக வைத்துவிட்டு, போர்வையை முதல்வரின் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

“என்னம்மா இது? கட்டு எங்கே?” என்றார் தேர்வாளர்.

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க மேடம். அவங்க தூங்கட்டும்.”

“தூங்கவா! இது பரீட்சைம்மா. நாலு நிமிஷம்தான் இருக்கு.”

“தெரியும் மேடம். நூத்திரண்டு இருக்கு. டாக்டரைக் கூப்பிடணும்.”

“எனக்கு ஒண்ணுமில்லடி. கட்டைப் போடு” என்றார் முதல்வர், கண்ணைத் திறக்காமலே.

“இப்ப நீங்க நோயாளி. நான் சொல்றதைத்தான் கேக்கணும். பேசாம படுங்க.”

கடிகாரம் ஒலித்தது. தேர்வாளர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். கட்டுக்குப் பூஜ்யம், வேறு வழியில்லை. எதற்கும் பார்ப்போமே என்று மற்றப் பதினொரு தாள்களையும் புரட்டினார். முதல் வரி எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே இருந்தது: தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கு. இயல்பு.

எழுந்துபோய் முதல்வரின் நெற்றியில் கைவைத்தார். கொதித்தது.

“அடப்பாவிங்களா! ஒருத்திக்குக்கூடவா கையில சூடு தெரியல?”

ஆமை தயங்கினாள். “நீங்களும் காலையில கை குலுக்கினீங்களே மேடம்…”

தேர்வாளர் தம் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பேனாவை மூடினார்.

“டாக்டரை நான் கூப்பிடறேன். நீ இவங்க பக்கத்துலயே இரு.”

அன்று தேறியவள் ஆமை ஒருத்திதான் என்று முடித்தார் தலைமைச் செவிலியர். வேறு இருவர் சொல்லக் கேட்டதில் முடிவு சற்று நீள்கிறது: மருத்துவர் வந்தபோது, முதல்வரின் கைப்பையில் காலையில் வாங்கிய காய்ச்சல் மாத்திரை பிரிக்கப்படாமல் இருந்ததாம். ஆமை பதில் எழுதக்கூடிய ஒரே கேள்வியான தம் காய்ச்சலை மாத்திரை போட்டுத் தணித்துவிடக் கூடாதென்று, அப்படியே வந்து படுத்தாராம்.