ஏழாவது பிள்ளை

"திங்கட்கிழமையிலேருந்து ஒரு பிள்ளை வரக் கூடாது. யார் வீட்டுப் பிள்ளைன்னு ஞாயித்துக்கிழமை சாயந்திரத்துக்குள்ள போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றாள், தன் வீட்டிலேயே பிள்ளைகள் காப்பகம் நடத்தும் கோரின்.

வெள்ளிக்கிழமை மாலை, பிள்ளைகளுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த பெற்றோர் அப்படியே நின்றுவிட்டார்கள். லடோனாவின் கையில் மகன் அமோஸின் ஒற்றைக் கையுறை.

"என்ன கோரின், திடீர்னு?"

"புதுச் சட்டம். சட்டசபையில நிறைவேத்திட்டாங்க. வீட்டுல பிள்ளைங்களைப் பார்த்துக்கறவ ஒத்த ஆளா இருந்தா, ஆறு பேருக்கு மேல வெச்சுக்கக் கூடாதாம். இங்க ஏழு இருக்கு. திங்கட்கிழமை ஆய்வாளர் வந்து எண்ணிப் பார்ப்பாங்க."

"ஏழா? என் ரெட்டைப் பசங்க ரெண்டு பேரே ஏழு பேருக்குச் சமமாச்சே!" என்றான் மெக்கானிக் ட்ராவிஸ்.

"இன்னொரு ஆளைத் துணைக்குப் போட்டுக்கிட்டா?" என்று கேட்டாள், கோழிப் பண்ணையில் வேலை பார்க்கும் யெசேனியா.

"போட்டுக்கலாம்னு சட்டமே சொல்லுது. அந்த ஆளுக்குச் சம்பளம் யாரு, கவர்னரா குடுப்பாரு?"

ரேடியோவில் இந்தச் சட்டத்தைப் பற்றிச் செய்தி வந்தபோது, 'பிள்ளைகளுக்கு நல்லதுதானே' என்று சொன்னவள் லடோனாதான். இப்போது அமோஸின் கையுறையைத் தப்பான கையில் மாட்டினாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் சேர்ந்து இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் வரவே வேண்டாம் என்று மேற்பார்வையாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஊரில் வேறு காப்பகத்தில் இடம் கேட்டால், அமோஸ் பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் கிடைக்கும்.

யாரை நிறுத்துவாள்? சனிக்கிழமை முழுக்க அவள் மண்டையைக் குடைந்தது அதுதான். ட்ராவிஸின் பையன்களில் ஒருவனை மட்டும் நிறுத்த முடியாது. யெசேனியாவின் கைக்குழந்தையையோ மூத்தவனையோ நிறுத்த மனசு வராது. தபால்காரி கிரெட்சனின் மகள் இருக்குமிடமே தெரியாத சாது. ஏழாவது யாருடையது என்று தெரியவில்லை. சாயந்திர ஷிப்ட்காரர்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கும். எப்படிப் பார்த்தாலும், கடிக்கிற பழக்கம் உள்ளவன் அமோஸ் ஒருவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் வைத்த 'பை' பலகாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு கோரின் வீட்டுக்குப் போனாள். அங்கே ட்ராவிஸ் ஏற்கனவே வியர்க்க விறுவிறுக்க வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, உன் வீட்டு வாசல்ல பனியே விழலையா?"

"உன் வீட்டுல பை தின்ன ஆளே இல்லையா?" என்றான் அவன்.

சமையலறை மேசையில் யெசேனியா கொண்டுவந்த தமாலேக்களிலிருந்து, அந்தச் சோளமாவுக் கொழுக்கட்டைகளிலிருந்து, ஆவி பறந்தது. ஆப்பிள் பையை அவற்றின் பக்கத்தில் வைத்தாள் லடோனா.

கோரின் பெருமூச்சு விட்டாள். "இப்படியே போனா திங்கட்கிழமைக்குள்ள நான் கதவுக்குள்ள நுழைய முடியாம போயிடும்."

"கோரின், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எதை வெச்சு முடிவு பண்ணுவீங்க? சேட்டையை வெச்சா?"

"இல்லை."

"அப்ப கடைசியா சேர்ந்தவங்களா?"

"அதுவும் இல்லை." கோரின் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எந்த அம்மா அழுதா என்னால தாங்கிக்க முடியும்னு பார்க்கிறேன்."

"அப்படின்னா இப்பவே அழுது காட்டட்டுமா?"

கோரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போடி, போய்ப் பிள்ளைக்குச் சோறு போடு."

அன்று மாலை லடோனா போனை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒரு முறை அடித்தது. பாய்ந்து எடுத்தாள். எதிர்முனையில் கிரெட்சன்.

"உனக்குப் போன் வந்துச்சா?"

"நீ பண்ணினதுதான் வந்துச்சு! வை, அவங்க கூப்பிடுவாங்க."

கோரின் கூப்பிடவே இல்லை.

திங்கட்கிழமை காலை அமோஸை இழுத்துக்கொண்டு ஓடினாள். வாசலில் ட்ராவிஸ் ஆளுக்கொரு கையாக இரட்டையரைப் பிடித்தபடி நின்றான். யெசேனியா குழந்தையை இடுப்பிலும் மூத்தவனைக் காலடியிலும் வைத்திருந்தாள். கிரெட்சன் மகளின் காலணியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் போன் வந்துச்சா?" என்று கிரெட்சனைக் கேட்டாள் லடோனா.

"வரலையே. உனக்கு?"

"எனக்கும் இல்லை."

எல்லாரும் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"சட்டத்தை வாபஸ் வாங்கிட்டாங்களோ?" என்றான் ட்ராவிஸ்.

கோரின் கதவைத் திறந்தாள். கண் இமைகள் தடித்திருந்தன. "வாங்க, வாங்க. ஆய்வாளர் வர்ற நேரம். உள்ள விட்டுட்டு வேலைக்குக் கிளம்புங்க."

அமோஸ் உள்ளே ஓடிவிட்டான். லடோனாவுக்கு உயிர் வந்தது. ஆனால் நகர முடியவில்லை.

"ஆறு பேரும் வந்தாச்சே கோரின். அப்ப யாரை நிறுத்துனீங்க? சாயந்திர ஷிப்ட் வீடா? பாவம், அந்தப் பொண்ணு என்ன பண்ணப்போறா?"

"சமாளிச்சுக்குவா" என்றாள் கோரின். "சட்டத்துக்குத் தலைதான் கணக்கு லடோனா. யார் பெத்ததுன்னு அது கேக்காது."

அப்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து கோரினுடைய கணவனின் தானிய லாரி உறுமிக்கொண்டு வந்தது. அவன் பக்கத்து இருக்கையில், மதியச் சாப்பாட்டு டப்பாவை மடியில் கட்டிப்பிடித்தபடி, ஒரு சின்னப் பெண் வார் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் கண்ணாடியை இறக்கிக் கத்தினாள்: "அம்மா! நான் எப்ப நம்ம வீட்டுக்கு விளையாட வரலாம்?"

"எல்லாரும் போனதுக்கப்புறம், கண்ணு" என்றாள் கோரின்.