சாட்சியின் மகள்

தலைமையாசிரியையின் அறை வாசலில் மெய்ரம்பெக் கோட்டின் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டார். கல்யாணங்களுக்கு மட்டுமே வெளியே எடுக்கும் கோட்டு. மகளை விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் வேறு எந்த அப்பாவும் பதறிப்போயிருப்பார். இவருக்கோ பெருமை தாங்கவில்லை.

பக்கத்தில் அக்போதா, பனி ஒட்டியிருந்த தன் காலணிகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“பயப்படாத கண்ணு. பார்த்ததை அப்படியே சொல்லு, போதும். அப்பா கூட இருக்கேன்ல?”

“ம்” என்றாள் அவள்.

அவளுடைய வகுப்பில் ரய்ஹான் என்றொரு பெண். சன்ஜார் என்ற பையன் மாடிப்படியில் வழிமறித்து அசிங்கமாகப் பேசுகிறான், மேலே கை வைக்கிறான் என்று புகார் கொடுத்திருந்தாள். அவன் பள்ளியின் ஹாக்கி அணித் தலைவன். வகுப்பே அவன் பக்கம். கடைசியாக நடந்தபோது தன்னோடு இருந்தது அக்போதா ஒருத்திதான் என்றும் அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

‘என் பொண்ணாச்சே’ என்று நினைத்துக்கொண்டார் மெய்ரம்பெக்.

வேலை பார்க்கும் மாவு ஆலையில் அவரும் சாட்சி சொன்னவர்தான். பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த ஷொல்பானை மேலாளர் கிடங்கில் மடக்கிப் பிடித்ததைப் பார்த்தவர்கள் பலர். விசாரணையில் வாய் திறந்தவர் அவர் மட்டும். மேலாளரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஷொல்பானும் வேலையை விட்டுவிட்டு தலைநகர் அஸ்தானாவுக்கு ரயிலேறிவிட்டாள்.

மிஞ்சியவர் மெய்ரம்பெக். கேன்டீனில் அவர் தட்டோடு வந்து உட்கார்ந்தால், மேஜையில் இருந்தவர்களுக்கெல்லாம் தேநீர் சட்டென்று தீர்ந்துவிடும். “சாட்சி வந்தாச்சு, வாயை மூடுங்கடா” என்பான் சமத். பள்ளி நாளிலிருந்து கூடவே சுற்றிய அதே சமத்.

இதை அவர் வீட்டில் சொன்னதில்லை. சாயங்காலம் வந்ததும், “இன்னைக்கு சமத் ஒரு கதை விட்டான் பாரு” என்று தானே ஒரு வேடிக்கையை இட்டுக்கட்டுவார். மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒருநாள் வீட்டுச் சாவியை மறந்துவிட்டுப் போனார். மதிய இடைவேளையில் அக்போதா ஆலைக்கு வந்து, காவலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அவரைப் பார்க்காமலே திரும்பிவிட்டாள்.

“ஏன் என்னைக் கூப்பிடல?” என்று இரவு கேட்டார்.

“நீங்க எல்லாரோடயும் பேசிட்டுச் சாப்பிட்டுட்டு இருந்திருப்பீங்க. எதுக்குத் தொந்தரவுன்னு வந்துட்டேன்.”

அதற்கப்புறம் வீட்டில் அவர் எப்போது சாப்பிட உட்கார்ந்தாலும், அவள் பாடப்புத்தகத்தோடு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டாள். பரீட்சை நெருங்குகிறது போலிருக்கிறது என்று அவரும் விட்டுவிட்டார்.

கதவு திறந்தது. உள்ளே ரய்ஹான் சுவரோரமாக நின்றிருந்தாள். அவளுடைய அம்மாவுக்கு வேலையிலிருந்து விடுப்புக் கிடைக்கவில்லையாம்.

“உங்களுக்குத் தெரியாததில்ல மெய்ரம்பெக்” என்றார் தலைமையாசிரியை. “ஆலையில நடந்தா விசாரணை, சட்டம்னு போகலாம். இது பள்ளிக்கூடம். இந்த வயசுல பசங்க விளையாடத்தான் செய்வாங்க. அதைப் பெருசு பண்ணா அந்தப் பையனோட எதிர்காலம் என்ன ஆகறது?”

“பெரியவங்க பண்ணாத் தப்பு, சின்னவங்க பண்ணா விளையாட்டா? அந்தப் பொண்ணைப் பாருங்க, அது விளையாடற முகமா?” என்றார் அவர். “என் பொண்ணு பார்த்திருக்கா. அவளைக் கேளுங்க.”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். “சொல்லும்மா. படிக்கட்டுல என்ன பார்த்த?”

அக்போதா ரய்ஹான் பக்கம் திரும்பவே இல்லை.

“நான் எதையும் பார்க்கல டீச்சர்.”

ரய்ஹான் அழவில்லை. தெரிந்ததுதான் என்பதுபோல ஒருமுறை தலையாட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

தலைமையாசிரியை ஏதோ தன்மையாகச் சொல்லிக் கை நீட்டியதும், தான் அந்தக் கையைப் பிடித்ததும் மெய்ரம்பெக்குக்கு நினைவில்லை. வாசலைத் தாண்டி, பனி ஒதுக்கிய பாதையில் கொஞ்ச தூரம் நடந்த பிறகு மகளை நிறுத்திக் கேட்டார்.

“நிஜமாவே நீ பார்க்கலையா?”

“பார்த்தேன்.”

“அப்போ அங்க பொய்யா சொன்ன?”

“ஆமா.”

தூரத்தில் ரய்ஹான் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய வகுப்புப் பெண்கள் அங்கே கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் கும்பல் அப்படியே நகர்ந்து, சாலையின் மறுபக்கம் போய்ச் சேர்ந்தது.

“அங்க பாரு, ஒத்தையா நிக்கறா” என்றார். “உனக்கு எப்படி மனசு வந்துச்சு? ஆலையில அப்பா என்ன பண்ணேன்னு பார்த்தவதானே நீ?”

அக்போதா முதல்முறையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“பார்த்தேம்பா. உங்க கேன்டீன் ஜன்னல் வழியா.”