உக்கிரபாண்டியின் வலது கை

வலது கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டுதான் உக்கிரபாண்டி அந்த வீட்டுக்குள் நுழைந்தார். வயது எண்பத்தாறு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வர பஸ்ஸில் அரைமணி நேரம்தான். அவருக்கு அறுபத்திரண்டு வருஷம் பிடித்தது.

நாற்காலியில் காசிராஜன் இருந்தார். மகள் முனீஸ்வரி அவருக்கு வலப்பக்கமாகப் போய்க் குனிந்து கத்தினாள். "அப்பா, பட்டாளத்துப் பெரியப்பா வந்திருக்காவ!"

காசிராஜனுக்கு இடது காது அறவே கேட்காது. உக்கிரபாண்டி கையைத் துண்டுக்குள் இன்னும் இழுத்துக்கொண்டார். பாழாய்ப்போன இந்தக் கைதானே!

அறுபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், காசா பாலைவனத்தில் இந்தியப் பட்டாளமும் இருந்த ஐ.நா. படை முகாம். காலையில் கனடாக்காரர்களோடு பேஸ்பால், சாயங்காலம் குத்துச்சண்டை. இரண்டிலும் இவர்கள் இருவரும்தான் முன்னால் நிற்பார்கள். இருவரும் மோதும் குத்துச்சண்டை இறுதிப்போட்டி அன்று உக்கிரபாண்டி படுத்து ஓய்வெடுத்தார். காசிராஜனோ அன்றும் பந்தாடப் போய்விட்டுத்தான் வந்தார்.

சாயங்காலம் ஒரே குத்து. காசிராஜன் சுருண்டு விழுந்தார். கையுறைக்குள் அத்தனை பஞ்சு, பட்டதுகூட உக்கிரபாண்டியின் கைக்குத் தெரியவில்லை. அந்தக் குத்தில் இடது காது செவிடாகிவிட்டதென்று பட்டாளம் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டது.

அன்று கழற்றிய கையுறையை உக்கிரபாண்டி மறுபடி மாட்டவேயில்லை. தேசிய அணித் தேர்வுக்குக் கூப்பிட்டபோதும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். பெற்ற பிள்ளையிடம்கூடக் கை ஓங்கியதில்லை.

இப்போது வலப்பக்கமாகப் போய் அந்தக் கையைத் துண்டிலிருந்து எடுத்து நீட்டினார்.

"காசி, உன் பொழைப்பக் கெடுத்த பாவி நான். சாகுறதுக்குள்ள மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிருடா."

காசிராஜன் தலையைக் குனிந்துகொண்டார். "ஏட்டி, செத்த நேரம் வெளிய இரு" என்று மகளை அனுப்பினார்.

"அண்ணே, அன்னைக்குக் காலையில கனடாக்காரன் எறிஞ்ச பந்து காதுல பட்டுருச்சு. டாக்டர்ட்ட சொன்னா சண்டை போட விடமாட்டாங்கன்னு மறைச்சுட்டேன்."

"ஏலே! பொறவு ஏம்லே இம்புட்டு வருசமா வாயத் தொறக்கல?"

"பந்து பட்டு செவிடாயிட்டேன்னா ஊரு சிரிக்கும். உக்கிரபாண்டி குத்துல விழுந்தவன்னு சொன்னாத்தான் மரியாதை. நீங்க பாக்ஸிங்க விட்டதே எனக்குப் பத்து வருசம் கழிச்சுத்தான் தெரியும். அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுட்டு வந்து சொல்ல?"

உக்கிரபாண்டிக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார்.

"காது பந்தால போச்சு, சரி. ஒன்னைய விழவச்சது என் குத்துதான?"

அவர் நீட்டியிருந்த அந்த வலது கையைக் காசிராஜன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"தலை சுத்தி விழுந்தேண்ணே. உங்க குத்து எம்மேல படவே இல்ல."