டாக்டரம்மா அடித்த பல்டி

"கோர்ட்டுல சாட்சி சொல்ல என்னால வர முடியாதும்மா."

போனில் டாக்டரம்மா இப்படிச் சொன்னதும் பஸ் கண்டக்டர் அக்காவுக்குத் தலை சுற்றியது.

"என்ன டாக்டர் இப்படிச் சொல்றீங்க? உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"யாராச்சும் மிரட்டினாங்களா?"

"இல்லம்மா. காரணத்தைச் சொல்ற நிலைமையில நான் இல்லை. மன்னிச்சிடு."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

மிரட்டலுக்குப் பயப்படுகிற ஆளா அவர்? பெரிய மனநல நிபுணர். 'கைதி விசாரணையைத் தாங்குவான்' என்று கையெழுத்துப் போடச் சொன்னதற்காக அரசாங்க வேலையையே தூக்கி எறிந்தவர். லாக்கப்பில் அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்து, அவர்களுக்காகக் கோர்ட் படியேறியே தலை நரைத்தவர். வீட்டு ஜன்னலில் யாரோ கல்லெறிந்தபோது கண்ணாடியை மாற்றிவிட்டு மறுநாளும் கோர்ட்டுக்குப் போனார். ஊரில் அவருக்கு 'லாக்கப் டாக்டர்' என்றே பெயர்.

அப்பேர்ப்பட்டவர் இப்படிக் காலை வாரினால் யாரைத்தான் நம்புவது?

அக்காவின் தம்பி கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன். திருட்டு சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவன் பாதி ஆளாகத்தான் வந்தான். கடையைத் திறப்பதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. 'படிக்கட்டில் வழுக்கி விழுந்தான்' என்று ஸ்டேஷனில் ஒரே பேச்சாகச் சாதித்தார்கள். அடித்தது இன்ஸ்பெக்டர். பார்த்தவர் யாருமில்லை. தம்பிக்கு மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவின் சாட்சியை விட்டால் வழக்கில் ஒன்றுமே கிடையாது.

"உங்க டாக்டரம்மா கையை விரிச்சிட்டாங்கடா," என்றாள் தம்பியிடம்.

"சரிக்கா."

"என்னடா சரி? எனக்குப் பத்திக்கிட்டு எரியுது!"

"அவங்க மேல கோபப்படாதேக்கா." சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் பஸ் கிளினிக் எதிரே நின்றது. ஊதப் போன அக்காவின் விசில் வாயிலேயே நின்றுவிட்டது.

கிளினிக்கிலிருந்து வெளியே வந்தது சாட்சாத் அந்த இன்ஸ்பெக்டர். யூனிஃபார்ம் இல்லை. வாசல் வரை வந்து வழியனுப்பியது டாக்டரம்மா!

"விசிலைக் கொடும்மா, பின்னாடி வண்டிக்காரன் கத்துறான்!" என்று டிரைவர் கத்தினார்.

டியூட்டி முடிந்ததும் அக்கா நேராகக் கிளினிக்குள் நுழைந்தாள். லாக்கப்பில் அடைபட்டு வந்தவர்கள் மிரளக் கூடாதென்று தன் அறைக் கதவை டாக்டரம்மா எப்போதும் சாத்துவதில்லை. அதனால் அக்கா போட்ட சத்தம் வெளியே காத்திருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

"என் தம்பியை அடிச்சவனுக்கு இங்க என்ன வேலை?"

"இங்க யார் வர்றாங்க, எதுக்கு வர்றாங்கன்னு நான் வெளியில சொல்றதில்லைம்மா."

"மனித உரிமைன்னு மேடைக்கு மேடை பேசினீங்களே! அதெல்லாம் சும்மாவா?"

"சும்மா இல்லை. இப்பவும் பேசுவேன்."

"விலை போயிட்டீங்களா டாக்டர்?"

டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆமாம் என்றாலும் சண்டை போடலாம், இல்லை என்றாலும் சண்டை போடலாம். ஒன்றுமே சொல்லாதவரிடம் என்ன செய்வது? அக்கா குழம்பிப்போய் வீடு திரும்பினாள்.

வழக்கு நாள் வந்தது. "டாக்டர் இல்லாம கஷ்டம்தான்மா," என்று அக்காவின் வக்கீல் உதட்டைப் பிதுக்கினார்.

இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறினார். அவருடைய வக்கீலே கேட்டார்: "அந்தக் கடிகாரக் கடைக்காரர் படிக்கட்டில் விழுந்தது உண்மைதானே?"

இன்ஸ்பெக்டர் கூண்டுக் கட்டையைப் பிடித்தபடி தம்பி இருந்த பக்கம் திரும்பினார்.

"அந்தத் தம்பி விழலைங்க ஐயா. நான்தான் அடிச்சேன். அவர் திருடலைன்னு தெரிஞ்ச அப்புறமும் அடிச்சேன்."

அவருடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் அக்கா தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னடா நடக்குது இங்க? எனக்கு ஒண்ணுமே புரியலை!"

"நான்தான்க்கா அவரை டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன்."

"நீயா!"

"நீ டியூட்டிக்குப் போயிருந்தப்போ வீட்டுக்கு வந்தார். கேஸை வாபஸ் வாங்குன்னு மிரட்டத்தான் வந்தார். பாதியிலேயே உக்காந்து அழ ஆரம்பிச்சிட்டார்க்கா."

"அழுதா அழட்டும்னு விட வேண்டியதுதானே!"

"அங்க போனதும் டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாங்க. 'இவரை நான் நோயாளியா ஏத்துக்கிட்டா இவருக்கு எதிராச் சாட்சி சொல்ல முடியாது. உன் கேஸ் தோத்தாலும் தோக்கும். நீ வேண்டாம்னு சொன்னா வேற டாக்டர்கிட்ட அனுப்பிடறேன்'னாங்க. அவங்களே பார்க்கட்டும்னு நான்தான் சொன்னேன். உனக்குத் தெரிய வேண்டாம்னும் கேட்டுக்கிட்டேன். தெரிஞ்சா நீ அவரை உயிரோட விட்டிருப்பியா?"

"ஐயோ, அந்தம்மாவை நான் என்னென்னவோ கேட்டுட்டேனேடா!" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அது சரி, உன்னை இந்தக் கதிக்கு ஆளாக்கினவன்டா அவன். தோத்தாலும் பரவாயில்லைன்னு எப்படிடா சொன்னே?"

தம்பி வெகு நாளைக்குப் பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்தான்.

"தூக்கமே வரலைன்னு அழுதார்க்கா. தூங்காம கிடக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமே."