கயிற்றின் மறுமுனை

தொட்டியின் விளிம்பை அவள் விடவில்லை.

வெந்நீர் மார்பு வரை நின்றது. வலி வரும்போதெல்லாம் அவள் விரல்கள் விளிம்பை இறுக்கின. வலி போன பிறகும் அவை தளரவில்லை.

கணவன் பின்னால் உட்கார்ந்து அவள் தோள்களில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினான்.

பிரசவம் பார்க்கும் செலின் சிஸ்டர் முழங்கையைத் தண்ணீருக்குள் விட்டுச் சூடு பார்த்தார். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றார். கையை விட்டால் உடம்பு தானே வழிவிடும், இப்படியே இறுக்கிக்கொண்டிருந்தால் மாடிக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்றார்.

ஆபரேஷன் தியேட்டர் மாடியில் இருந்தது.

அவள் தலையசைத்தாள். விடவில்லை.

கடைசி ஸ்கேனில் தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தை ஒரு சுற்று சுற்றியிருந்தது. நிறையக் குழந்தைகள் அப்படித்தான் பிறக்கின்றன என்று டாக்டர் சொன்னார். அவள் அம்மாவின் பயம் குழந்தையைப் பற்றியது மட்டுமல்ல.

மாலை சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது.

தாய்மாமன் என்றால் நவநீதன். அவளுடைய ஒரே தம்பி.

அவனை ஆஸ்பத்திரிப் பக்கமே வரவேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். வந்தால் குழந்தையை நேராகப் பார்க்கக் கூடாது. முதலில் கிண்ணத்து நல்லெண்ணெயில் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றதெல்லாம்.

அவன் எல்லாருக்கும் முன்னால் வந்து கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான்.

அவளுக்கு அதில் நம்பிக்கையில்லை. தொட்டியில் இறங்கும்போது தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள்தான். அவள் கும்பிடும் சாமி பச்சைக் குழந்தையை அனுப்பி யாரையும் பழிவாங்காது.

விரல்களுக்கு மட்டும் அது தெரியவில்லை.

அடுத்த வலி எழுந்தது. அவளை மீறி ஒரு சத்தம் வந்தது. அது வெளியிலும் கேட்டிருக்க வேண்டும்.

"அக்கா," கதவுக்கு அப்பாலிருந்து அவன் குரல். "புடிச்சிருக்கேன். உடு."

அதே சொற்கள்.

சின்ன வயதில் அவர்கள் இருந்த மில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி. லீவு நாள் மத்தியானங்களில் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் கிடந்தார்கள். அவள் மட்டும் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

நவநீதன் அவளைவிடச் சின்னவன். அம்மா துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்து வந்தான். அவள் இடுப்பில் கட்டினான். மறுமுனையோடு சுவர்மேல் ஏறி நின்றான்.

புடிச்சிருக்கேன், உடு.

அவள் விட்டாள்.

எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தாள். கயிற்றின் மறுமுனை தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அவன் சுவர்மேல் நின்று கொய்யாக்காய் தின்றுகொண்டிருந்தான்.

பொய்க்காரா என்று கத்தினாள். தூங்கப் போகும்வரை அவனோடு பேசவில்லை. துவைத்த துணியெல்லாம் மண்ணில் கிடந்ததற்கு அடியும் அவனுக்குத்தான் விழுந்தது.

இப்போது, இந்த வெந்நீரில், இன்னொன்றும் நினைவுக்கு வந்தது.

சுவர்மேல் நின்றவன், குதிக்கத் தயாராக, சட்டையைக் கழற்றி வைத்திருந்தான்.

அன்று அவள் அதைக் கவனிக்கவில்லை.

"பொய்க்காரா," என்றாள், கதவைப் பார்த்து.

சிரிப்பா அழுகையா என்று கணவனுக்குப் புரியவில்லை. விளிம்பில் அவள் விரல்கள் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

தலை வந்தது. பிறகு தோள்கள். செலின் சிஸ்டரின் கை தண்ணீருக்கடியில் ஒருமுறை சுழன்றது, கழுத்திலிருந்து மாலையைக் கழற்றுவது போல. அடுத்த கணம் குழந்தை மேலே வந்து அவள் மார்பில் படிந்தது.

யோசிப்பது போலச் சற்று நேரம் இருந்தது.

பிறகு அழுதது.

கதவைக் கொஞ்சமாகத் திறந்து செலின் சிஸ்டர் வெளியே சொன்னார். பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம். அந்த ஒரு சுற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை. திரும்பி வந்து, ஒரு பெரிய துண்டை எடுத்து அவளையும் குழந்தையையும் சேர்த்துப் போர்த்தினார்.

அம்மாவுக்கு அது போதவில்லை. எண்ணெயைத் தேடினாள். எண்ணெய்ப் பாட்டில் இருந்த பை, வந்த ஆட்டோவிலேயே போய்விட்டிருந்தது. கிண்ணம் மட்டும் கையில் இருந்தது. வாங்கி வரும்வரை நீ உள்ளே போகாதே என்று அவனைப் பிடித்து நிறுத்தினாள்.

"உள்ள ஒரு தொட்டித் தண்ணி இருக்கேம்மா," என்றான் நவநீதன். "எண்ணெய்ல தெரியற மூஞ்சி தண்ணியில தெரியாதா?"

அம்மா யோசித்தாள். கடைசியில் சரி என்றாள். தொட்டிக்குப் பக்கத்தில் போகும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது.

கண்களை இறுக மூடிக்கொண்டு அவன் வந்தான். கணவன் அவன் கையைப் பிடித்து அழைத்து வந்தான். நவநீதன் தொட்டியருகே மண்டியிட்டான்.

அவள் அசையாமல் இருந்தாள். மூச்சைக்கூட மெல்ல விட்டாள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. குழந்தைக்கும் அவளுக்கும் நடுவே கொடி தளர்ந்து மிதந்தது.

வாசலில் நின்ற அம்மாவுக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"தண்ணியில தெரியுதாடா?"

அவன் கண்ணைத் திறந்தான்.

"தெரியுதும்மா," என்றான், குழந்தையின் முகத்தையே நேராகப் பார்த்துக்கொண்டு.

சட்டைக் கைகளை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தான்.